லண்டன் வெள்ளை

சென்ற மாதம் எங்கள் பகுதிப் படப்பிடிப்பாளர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தும்போது ஆறு பேர் என் முகத்துக்கு நேரே நின்று பிளாஷ் அடித்தார்கள். அன்று மாலையே படம் முகநூலில் வந்துவிட்டது. என் மனைவி பார்த்துவிட்டு, "பொன்னாடையோடை நிக்கிற உந்த வெள்ளை மனிசன் ஆரப்பா? உங்களைக் காணேல்லை" என்றாள்.

அந்த வெள்ளை மனிசன் நான்தான். அறுபத்திரண்டு வருடம் வெயிலில் காய்ந்த முகத்தை யாரோ ஒரு கெட்டிக்காரன் இரண்டு நிமிடத்தில் கழுவி விட்டிருந்தான். நெற்றிச் சுருக்கம் இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம் இல்லை. ஓய்வு பெற்ற ஒரு படப்பிடிப்பாளனை இதைவிடத் திறமாக அவமானப்படுத்த முடியாது.

அதே சங்கம்தான் தன் ஆண்டு மலருக்குக் கட்டுரையும் கேட்டது. "ஐயா, குறைஞ்ச செலவிலை போர்ட்ரெயிட்டுக்கு லைற் போடுறதைப் பற்றி எழுதுங்கோ. உங்கடை அனுபவங்களையும் சேருங்கோ. இளம் ஆக்களுக்குப் பிரயோசனமாய் இருக்கும்" என்றார் செயலாளர். எழுதுகிறேன். ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத மாட்டேன். அந்தக் காலத்திலும் இதே கூத்துத்தான். அப்போது பவுடரால் செய்தோம், இப்போது கணினியால் செய்கிறோம்.

நான் தொழில் பழகிய கதை நாலு வரி. பத்தாம் வகுப்பில் சித்தியடையவில்லை. மாமா கொண்டுபோய்ச் சந்தியில் இருந்த ஸ்ரூடியோவில் விட்டார். இரண்டு வருடம் இருட்டறையில் தட்டுக் கழுவினேன், மூன்றாம் வருடம் கமராவைத் தொட விட்டார்கள். ஊர்விட்டு ஓடிய காலங்களைத் தவிர, கடைசி நாள் வரை அங்கேதான் நின்றேன்.

முதலாளி குலம் அண்ணை. அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவரைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேச மாட்டார். சட்டைப் பையில் சீப்பு, மேசை லாச்சியில் பவுடர் டப்பா. வாசலில் ஆள் ஏறும்போதே முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுவார். அவர் கேட்கிற முதல் கேள்வி, "படம் எங்கை போகப்போகுது?"

இதைப் புதியவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஸ்ரூடியோவில் வெள்ளை மூன்று வகை. படம் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது என்றால் உள்ளூர் வெள்ளை. தரகர் கையில் கொழும்புக்குப் போகிறது என்றால் கொழும்பு வெள்ளை. மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால் லண்டன் வெள்ளை. மாப்பிள்ளை நோர்வேயில் இருந்தாலும் அதற்கு லண்டன் வெள்ளை என்றுதான் பெயர். கணினி வந்த பிறகு இந்த மூன்றையும் மூன்று பொத்தானாகச் சேமித்து வைத்திருந்தார். லண்டன் பொத்தானை அழுத்தினால் தோல் வெளுக்கும், மூக்கு மெலியும், தழும்பு மறையும், கழுத்து ஒரு விரற்கடை நீளும். மனிதர் மட்டும் காணாமற்போவார்.

பிளாஷ் எப்போதும் கமராவின் தலையில்தான் இருக்க வேண்டும். அது அண்ணையின் சட்டம். நேரே அடிக்கிற வெளிச்சத்தில் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் முகத்தில் மேடு பள்ளம் தெரியாது. கோப்பி கொண்டுவருகிற தட்டம் போல முகம் தட்டையாக வரும். அதைத்தான் சனம் 'கிளியர்' என்று சொல்லும்.

இந்தச் சட்டத்தை நான் முதல்முதலாக மீறியது ஒரு விபத்தால். வட்டுக்கோட்டையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு மணிவிழா மலர். அட்டைப்படம் எடுக்கப் போனேன். அவர் வீட்டுப் படியில் பை விழுந்து பிளாஷின் கால் முறிந்துவிட்டது. கமராவில் பூட்ட முடியாது. பையில் ஒரு நீளமான வயர் கிடந்தது. அதன் ஒரு நுனியைப் பிளாஷிலும் மறு நுனியைக் கமராவிலும் செருகி, பிளாஷை வாத்தியாரின் மனைவி கையில் கொடுத்தேன்.

"அம்மா, உதைப் பிடிச்சுக்கொண்டு யன்னல் பக்கமாய் நில்லுங்கோ."

"தம்பி, வெடிக்குமோ?"

"வெடிக்காது."

"வெடிச்சாலும் அவரின்ரை பக்கம் பாத்து வெடிக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

படம் கழுவி வந்தபோது நான் இருட்டறையிலேயே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல். தாடை எலும்பு தெரிந்தது. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம். அத்தனை வருடம் பிள்ளைகளை அடித்துப் படிப்பித்த பிடிவாதம் முழுக்க அந்த முகத்தில் இருந்தது. அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி, "உதுதான். நாப்பது வரியமாய் நான் சமாளிக்கிற முகம் உதுதான்" என்றார்.

குலம் அண்ணை படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன ராசன், வாத்தியாரைப் பாதி கறுப்பாக்கிப்போட்டாய்? மற்றப் பாதிக்குக் கரண்ட் இல்லையோ?"

"அண்ணை, நிழல் இருந்தாத்தான் மூக்கு மூக்காய்த் தெரியும்."

"மூக்கு இருக்கெண்டு சனத்துக்குத் தெரியும். அதுக்கு நிறம் இருக்கெண்டுதான் தெரியக் கூடாது."

ஆனால் வாத்தியார் வீட்டுக்காரர் இன்னும் ஏழு பிரதி கேட்டு ஆள் அனுப்பினார்கள். அண்ணை இறங்கி வந்தார். பக்க வெளிச்சம் இரண்டு வகைக்கு அனுமதி என்று தீர்ப்புச் சொன்னார். அறுபது தாண்டிய ஆண்களுக்கு ஒன்று, மரண அறிவித்தல் படத்துக்கு ஒன்று. பெண்களுக்கு அறவே கூடாது.

சரி, செயலாளர் கேட்ட விசயம். நீங்கள் எல்லாரும் விலை கூடிய லைற் வாங்கிவிட்டு அதைக் கமராவுக்கு நேர் மேலே வைத்து அடிக்கிறீர்கள். அதற்குக் கூரை ரியூப்லைற் போதும். என்னிடம் இருந்தது இவ்வளவுதான். கையால் அளவு மாற்றக்கூடிய பழைய பிளாஷ் ஒன்று, இரண்டாம் கை. பிற்காலத்தில் வயருக்குப் பதிலாக ஒரு சோடி ரிகர். கமராவில் ஒரு சின்னப் பெட்டி, பிளாஷின் அடியில் ஒரு சின்னப் பெட்டி, அது சொல்ல இது அடிக்கும். நிறுத்துவதற்கு லவுட்ஸ்பீக்கர்க் கடையில் கழித்துப் போட்ட மைக் ஸ்ராண்ட். கோயில் திருவிழாக்களில் அறிவிப்பாளர்கள் பிடித்துப் பிடித்து வளைத்தது, ஆனால் நிற்கும். காற்றுக்கு விழாமல் இருக்க அதன் காலில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டுவேன். ஒரு கறுப்புக் குடையின் துணியை உரித்து, வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை என் மனைவி அந்தக் கம்பிகளில் தைத்துத் தந்தாள். பிளாஷ் குடைக்குள் அடித்தால் வெளிச்சம் துணியால் வடிந்து பெரிதாகவும் மென்மையாகவும் முகத்தில் விழும். மறுபக்கம் நிழலைத் தூக்க, மணவறைச் சோடனைக்கு வெட்டுகிற வெள்ளை ரெஜிபோம் அட்டை. கலியாண மண்டபத்தில் மணவறை கழற்றுகிற நாளில் போய் நின்றால் வேண்டிய அளவு அள்ளி வரலாம்.

வைக்கிற முறை இது. அறை வெளிச்சத்தை நிற்பாட்டுங்கள். பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். கறுப்பாக வர வேண்டும். கறுப்பாக வராவிட்டால் வேறு எங்கிருந்தோ வெளிச்சம் கலக்கிறது, முதலில் அதைப் பிடியுங்கள். பிறகு குடையை ஆளின் முன்னால் கொஞ்சம் பக்கமாக, கண்ணுக்கு ஒரு முழம் மேலே, இரண்டு கை தூரத்தில் வையுங்கள். பிளாஷின் பலத்தை எட்டில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். ஒரு படம். கூடினால் ஸ்ராண்டைப் பின்னுக்கு இழுங்கள், குறைந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். கண்ணுக்குள் பொட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். இதற்கு மேல் இதில் ஒரு மந்திரமும் இல்லை.

மந்திரம் இல்லாத இந்தச் சாமான்கள்தான் ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குச் சாட்சி சொன்னன. அந்தக் கதையில் குற்றவாளி நான்.

சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற ஒரு குடும்பம். மூத்த மகள் தர்சினி முன்பள்ளி ஆசிரியை. காலையில் பிள்ளைகளோடு பாட்டு, பின்னேரம் தகப்பனோடு தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறுவாள். நல்ல கறுப்பு. இடது தாடையில் ஒரு அங்குல நீளத்தில் வடு. சின்ன வயதில் தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து கல்லில் விழுந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில் லொறி ஓட்டுகிறான். அவன் ஊருக்கு வந்து தாலி கட்டினான். கலியாணப் படம் எடுத்தது நான்.

ஆல்பம் திருத்துகிற நாளில் தாய் வந்து என் கணினிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா.

"அண்ணை, அந்த வடுவைக் கொஞ்சம் பாருங்கோ. மாப்பிள்ளையின்ரை ஆக்கள் அங்கை எல்லாருக்கும் காட்டுவினம்."

நான் துடைத்தேன். லண்டன் பொத்தானை அழுத்தினேன். தாய்க்குத் திருப்தி இல்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். லண்டனுக்கும் அப்பால் போய்விட்டது. ஆல்பம் முழுக்க, ஒவ்வொரு படத்திலும். அசல் படங்களை அண்ணையின் வழக்கப்படி அழித்தோம். "அசல் கிடந்தா ஆரும் பாத்துப்போடுவினம்" என்பது அவர் கொள்கை.

மாப்பிள்ளை திரும்பிப் போய் மனைவியைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டான். ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த நாடு என்று எழுத மாட்டேன். கடிதத்தின் சாரம் இது: கடவுச்சீட்டில் உள்ள விண்ணப்பதாரியும் திருமணப் படங்களில் உள்ள மணமகளும் ஒரே ஆள் என்று ஏற்க முடியவில்லை. வேறு பெண்ணைக் கட்டிவிட்டு இந்தப் பெண்ணை அனுப்புகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறோம். முப்பது நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

கடவுச்சீட்டுப் படத்தில் கை வைக்க விதி விடாது. ஆகவே அதில் தர்சினி தர்சினியாக இருந்தாள், வடுவோடு. ஆல்பத்தில் நான் செய்த வேறு யாரோ இருந்தாள்.

பத்தொன்பது நாளை அழுவதிலும் நேர்த்தி வைப்பதிலும் விட்டுவிட்டுத் தாயும் மகளும் ஸ்ரூடியோவுக்கு வந்தார்கள். மிச்சம் பதினொரு நாள். விருந்தாளிகள் கைபேசியில் எடுத்த படங்களைத் தேடவில்லையா என்று கேட்டேன். தேடியிருக்கிறார்கள். அந்தக் கைபேசிகள் எல்லாம் தாங்களாகவே முகத்தை வெளுக்கிற சாதி. ஒரு மச்சானின் கைபேசியில் ஐயரே வெள்ளைக்காரனாக இருந்தார். வீடியோ எங்கள் ஸ்ரூடியோ செய்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணை, நீங்கள் ஒரு கடிதம் தந்தாப் போதும். படத்தை நாங்கள்தான் வெள்ளையாக்கினனாங்கள் எண்டு" என்றாள் தர்சினி. குலம் அண்ணையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அண்ணை சீப்பை எடுத்துத் தலையை வாரினார். "பிள்ளை, நான் உப்பிடிக் கடிதம் எழுதினா, எங்களிட்டைப் படம் எடுத்த சனமெல்லாம் நாளைக்கு விசாவோடை மாட்டுப்படும். அங்கை இருக்கிற பொம்பிளையளையும் பிடிச்சுத் திருப்பி அனுப்புவங்கள். ஒரு ஆளுக்காக ஊரைக் காட்டிக் குடுக்கேலாது."

"அப்ப நான்?"

"நீ கொஞ்ச நாள் வெயிலுக்குப் போகாதை. பப்பாசிப்பழம் பூசு. இன்ரவியூக்குக் கூப்பிட்டா ஆல்பத்துக்குக் கிட்டவாய்ப் போயிடலாம்."

இதை அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். தாயும் தலையாட்டி, "எத்தினை நாள் பூச வேணும்?" என்று கேட்டா.

தர்சினி என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நான்தான் நான் எண்டு காட்ட வேற வழி இருக்கோ?"

எனக்கு ஒரு வழி தெரிந்தது. கடவுச்சீட்டுக்கும் ஆல்பத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் படி படியாகக் காட்ட வேண்டும். அதே கூறைச் சேலை, அதே நகை, அதே நிற்பு. முதலில் உள்ளபடி ஒரு படம். பிறகு நான் அன்று செய்த ஒவ்வொன்றையும் திரும்பச் செய்து ஒவ்வொரு படியையும் அச்சடித்து வைக்க வேண்டும். ஆறு படம். கடைசிப் படம் ஆல்பத்துப் படத்தோடு பொருந்த வேண்டும், முதற்படம் கடவுச்சீட்டோடு பொருந்த வேண்டும். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிற ஆணி அந்த வடு.

அடுத்த நாள் மத்தியானம் மைக் ஸ்ராண்டை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். வீட்டு விறாந்தையில் வைத்துக் கமராத் தலையில் பிளாஷைப் பூட்டி ஒன்று எடுத்துப் பார்த்தேன். வடு மங்கிப் பாதிதான் தெரிந்தது. நேர் வெளிச்சம் மேடு பள்ளத்தை நிரவிவிட்டது. கணினியில் துடைக்க முன்னமே பிளாஷ் பாதி துடைத்துவிட்டது. இத்தனை வருடம் இதைத்தான் செய்துகொண்டு இருந்திருக்கிறேன்.

பக்கத்தில் இருந்து உரசிக்கொண்டு போகிற வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் வெள்ளைச் சுவர்கள், எங்கே அடித்தாலும் வெளிச்சம் திரும்பி வந்து நிழலை அழித்தது. வளவின் மூலையில் புகையிலைக்குப் புகை போடுகிற குடில் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். யன்னல் இல்லை. சுவரெல்லாம் கரி. கரி ஒரு துளி வெளிச்சத்தையும் திருப்பித் தராது.

"இதுக்குள்ளை எடுப்பம்."

தாய் நெஞ்சில் கையை வைத்தா. "கூறைச் சீலையோடை குடிலுக்கையோ? ஐயோ அண்ணை, ஏற்கெனவே கறுப்பெண்டுதானே இவ்வளவு பிரச்சினையும்!"

"அம்மா, வெள்ளை எண்டுதான் பிரச்சினை" என்றாள் தர்சினி. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனாள்.

ஸ்ரூலில் இருத்தினேன். முதற்படம் பிளாஷ் இல்லாமல். முழுக் கறுப்பு. நல்லது. குடையைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஷை ஸ்ராண்டில் வைத்தேன். முகத்துக்கு முன்னால் வைத்து ஒன்று. வடு மங்கல். இடப்பக்கம் பாதி தூரம் நகர்த்தி ஒன்று. மெல்லிய கோடு. காதுக்கு நேரே, காது உயரத்தில், இரண்டு கை தூரத்தில் வைத்து, எட்டில் ஒரு பங்கு பலத்தில் ஒன்று. வடு தோட்டத்து வரம்பு மாதிரி எழுந்து நின்றது. தையல் போட்ட நாலு புள்ளியும் எண்ணக்கூடியதாக இருந்தது. இருட்டாகக் கிடந்த வலக் கன்னத்தைத் தூக்க ரெஜிபோம் அட்டையைத் தாயின் கையில் கொடுத்தேன். கரி படாமல் விரல் நுனியால் பிடித்தா.

கமராவின் திரையில் படத்தைக் காட்டினேன். தாய் கிட்ட வந்து குனிந்து பார்த்தா.

"என்னண்ணை இது, அச்சொட்டாய் இவளை மாதிரியே இருக்கு" என்றா. அது முறைப்பாடு. என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டும் அதுதான்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வடுவை மட்டும் கொஞ்சம்…" என்று தொடங்கினா. தர்சினி சிரித்த சிரிப்பில் குடிலின் கூரையிலிருந்து கரி கொட்டியது.

நான் அந்தப் பிள்ளை வீட்டு முற்றத்திலேயே என் மடிக்கணினியைத் திறந்து, செய்த குற்றத்தைப் படி படியாகத் திரும்பச் செய்தேன். நிறம் ஒரு படி. மூக்கு ஒரு படி. வடு ஒரு படி. கழுத்து ஒரு படி. லண்டன் இரண்டாம் தரம் ஒரு படி. உள்ளபடி எடுத்ததோடு ஆறு. ஸ்ரூடியோவில்தான் நல்ல அச்சு இயந்திரம் இருந்தது. கோப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெரிய அளவில் அடித்து உறையில் போட்டு வைக்கும்படி குலம் அண்ணையிடம் சொல்லிவிட்டு, நடந்ததை ஒப்புக்கொள்கிற என் சத்தியக்கடதாசியைத் தட்டச்சு செய்யப் போனேன். நான் செய்த ஆகப் பெரிய பிழை அது.

இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது உறையைத் தூக்கிக்கொண்டு தர்சினியும் நானும் உடுவிலில், சத்தியக்கடதாசிகளுக்கு ஒப்பம் வைக்கிற ஒரு சமாதான நீதவானிடம் போனோம். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். என் சத்தியக்கடதாசியை வாசித்தார். 'மேற்படி மணமகளின் முகத்தை நானே வெள்ளையாக்கினேன்' என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"முப்பது வரியமாய்க் கையெழுத்து வைக்கிறன். காணிக் களவு, கள்ள உறுதி எல்லாம் பாத்திட்டன். உது புதுசு."

பிறகு ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒப்பம் வைப்பதற்காக உறையைப் பிரித்தார். ஆறையும் மேசையில் பரப்பினார்.

"தம்பி, இதிலை எது முந்தினது, எது பிந்தினது?"

நான் எட்டிப் பார்த்தேன். ஆறும் ஒரே வெள்ளை. ஆறிலும் வடு இல்லை. வெள்ளையாக்குவதை விளக்குகிற படங்களையே வெள்ளையாக்கி வைத்திருந்தார் குலம் அண்ணை.

தர்சினி ஆறையும் ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்துத் திரும்ப உறைக்குள் போட்டாள். 

ஸ்ரூடியோவுக்குப் போன வேகத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேனா, விழுத்தினேனா என்று நினைவில்லை.

"அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"என்ன செய்தனான்? வெளிநாட்டுக்குப் போற படம். அந்தப் பிள்ளையை அவ்வளவு கறுப்பாய், வெட்டுக் காயத்தோடை அனுப்பிறதோ? வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?"

"அவன் உள்ளதை நினைக்கட்டும் எண்டுதானே அனுப்பிறம்!"

"உனக்கு விசர். நான் அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான் செய்தனான். காசும் வாங்கேல்லை."

அவர் கண்ணில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது. கள்ளனோடு சண்டை பிடிக்கலாம். நல்லது செய்கிறவனை என்ன செய்வது? கோப்புகளைத் திரும்ப அடித்துத் தரும்படி கேட்டேன். தன் ஸ்ரூடியோவில் இருந்து அப்படி ஒரு படம் வெளியே போகாது என்றார். அமைதியாகத்தான் சொன்னார். நான் அமைதியாகச் சொல்லவில்லை. என் பிளாஷையும் ஸ்ராண்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். எனக்குப் பொன்னாடை போர்த்தியது சென்ற மாதம். நான் ஓய்வு பெற்றது அன்று பின்னேரம்.

மானிப்பாயில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. வாய்க்கு வாய் அண்ணை போடுகிற ஒரு தங்கச்சி கணினியில் இருந்தாள். மடிக்கணினியில் இருந்து நான் கொண்டுபோன கோப்பைத் திறந்தவுடனே, "அண்ணை, முகம் கொஞ்சம் டல்லாய்க் கிடக்கு. பிரைட் பண்ணிவிடவோ?" என்றாள்.

"பிள்ளை, உந்தக் கையை மவுஸிலை இருந்து எடு."

"இல்லையண்ணை, சும்மா, காசில்லாமல்…"

"கையை எடு!"

ஆறு படமும் வெளியே வரும்வரை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். மை காய முன்னமே கண்ணால் எண்ணினேன். அதிபர் அன்றே ஒப்பம் வைத்தார். அடுத்த நாள் காலை நான் கூரியர்க் கந்தோரில் நின்று, என் கையாலேயே உறையை ஒட்டினேன். தாயை அந்தப் பக்கம் வர விடவில்லை.

ஏழு கிழமை கழித்துத் தர்சினியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நடந்ததை அவளே எனக்குப் போனில் சொன்னாள். மேசையில் ஆல்பமும் கடவுச்சீட்டும் என் ஆறு படங்களும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அதிகாரி ஒரு பெண். எழுந்து வந்து, தர்சினியை யன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பச் சொல்லி, குனிந்து தாடையைப் பார்த்தாராம். நாலு தையற்புள்ளியையும் படத்தோடு ஒப்பிட்டு எண்ணினாராம். பிறகு போய் இருந்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நீங்கள் ஏன் உங்கடை முகத்தை மாத்தச் சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.

"நான் சொல்லேல்லை, அம்மா சொன்னவ, படம் எடுத்தவை செய்தவை எண்டு சொன்னன். அப்ப உங்களிட்டை ஆரும் கேக்கேல்லையோ எண்டு கேட்டா. இல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை எண்டன்."

"அதுக்கு?"

"அதைத் தன்ரை தாளிலை எழுதிப்போட்டு என்னைப் போகச் சொல்லிட்டா அங்கிள்."

அவள் குறை சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு இருந்தேன். ஆல்பத்தில் எத்தனை பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை முகம். அந்தத் தாடையில் எத்தனை தரம் மவுஸை வைத்து அழுத்தினேன். அந்தப் பிள்ளை அன்று ஸ்ரூடியோவின் முன்னறையில்தான் இருந்தது, பழைய பேப்பர் வாசித்துக்கொண்டு. இடையில் ஒரு திரைச்சேலை. நான் ஒரு தரம் எட்டிப் பார்த்து, "பிள்ளை, இது இருக்கட்டுமோ?" என்று கேட்டிருக்கலாம். குலம் அண்ணையின் பொத்தானைப் பற்றி இவ்வளவு எழுதினேன். அழுத்தின விரல் என்னுடையது.

விசா வந்தது. போனாள். இந்த மார்கழியில் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். புருசன் எடுத்தது. குசினியில் கூரை லைற்றுக்கு நேர் கீழே நிற்கிறாள். கண் இரண்டும் குழிக்குள், மூக்கின் நிழல் வாய்க்கு மேலே மீசை மாதிரி விழுந்திருக்கிறது. பின்னால் குளிர்சாதனப் பெட்டி சரிந்து நிற்கிறது. வெளிச்சம் இதைவிட மோசமாக இருக்க முடியாது. தாடையில் வடு அப்படியே கிடக்கிறது. 'எப்பிடி இருக்கு அங்கிள்?' என்று கீழே எழுதியிருந்தாள்.

லைற் பிழை, ஆள் சரி என்று பதில் போட்டேன்.